பழம்பாட்டு யாருக்குச் சொந்தம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரியின்போது, தில்லியில் நான் வசிக்கும் குடியிருப்பில் மாதர் அறுவர் கூடி, கொலுவுக்கு முன் அமர்ந்து அன்னமாசாரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடினார்கள். பாட்டு நன்றாக அமைந்துவிட்டது. அவர்களுள் ஒருவரின் மகன் அதனைக் கைப்பேசியில் படம்பிடித்து, வெளியூரிலுள்ள உறவினரும் கேட்கட்டும் என்று இணையத்தில் ஏற்றினான். இரண்டு நாள் செல்லவில்லை. இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம் ஒன்றின் பெயரால் அறிவிப்பு வந்து சேர்ந்தது. இப்பாடலில் தங்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம்.

மாதர்க்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னே இருந்த மகான் பாடினதுக்கு இன்றைக்கு ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாடுவதாவது!" என்றார் மூத்த அம்மையார். சட்டங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பாதலால் அக்காகிதம் என்னிடம் வந்தது. நானும் முதலில் அம்மையாரின் பக்கமே இருந்தேன். சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கப் படிக்க, அவர் சொன்னதில் பாதிதான் சரி என்று தெரிந்தது. மற்றப் பாதி எங்கே தவறியது என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழில் 'பதிப்புரிமை' என்று வழங்குகிறோம். அதற்கு இந்திச் சட்டநூலில் உள்ள சொல் 'பிரதிலிப்யதிகார்' என்பது. படியெடுக்கும் உரிமை என்று பொருள்படும். இரண்டுமே அச்சுக்கூடத்து மை மணக்கும் சொற்கள். இவ்வுரிமை இங்கிலாந்தில் 1710-ஆம் ஆண்டில் புத்தக வியாபாரத்தை ஒட்டிப் பிறந்ததன் அடையாளம் இது. புத்தகத்துக்கென்று தைத்த சட்டையைப் பாட்டுக்கு அணிவித்தால் எங்கேனும் ஓரிடத்தில் இறுக்கும், ஓரிடத்தில் தொளதொளக்கும். நம் நாட்டுப் பாட்டுக்கு அது வெகுகாலம் பொருந்தவேயில்லை.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரி 21 முதல் அது செயற்படலாயிற்று. அச்சட்டம் முதலில் 'இசைப்படைப்பு' என்பதற்குக் கூறிய இலக்கணத்தைக் கேட்டால் சங்கீதம் அறிந்தவர்கள் வியப்படைவார்கள். அச்சிட்டோ எழுதியோ வேறு வகையில் குறியீடாக்கியோ வைத்த இசைதான் இசைப்படைப்பு. குருவின் எதிரே அமர்ந்து காதால் கேட்டு நாவால் பயின்று தலைமுறை தலைமுறையாக வந்த மெட்டு, காகிதத்தில் ஏறாதவரை, சட்டத்தின் கண்ணில் இல்லாத பொருளாகவே இருந்தது. ஸ்வரப்படுத்தி எழுதும் வழக்கம் அருகியிருந்த ஒரு நாட்டில் இப்படி ஓர் இலக்கணம்! 1994-ல் செய்த திருத்தத்தால்தான் இக்குறை நீங்கியது. அதன்பின் இசைப்படைப்பு என்றால் இசையால் ஆனது. எழுத்துக் குறியீடு இருந்தால் அதுவும் சேரும், இல்லையென்றாலும் குற்றமில்லை. பாடப்படும் சொற்கள் மட்டும் அதில் அடங்கா. அவை இலக்கியப் படைப்பு என்னும் தனி வகுப்பைச் சேரும்.

இந்தக் கடைசி வாக்கியத்திற்குள்தான் நம் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. நாம் 'பாட்டு' என்று ஒரே சொல்லால் சொல்வதைச் சட்டம் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கிறது. சொற்களாகிய சாகித்யம் ஒன்று. மெட்டு மற்றொன்று. பாடுகிறவரின் பாட்டு மூன்றாவது. அதைப் பதிவுசெய்த ஒலிப்பதிவு நான்காவது. ஒவ்வொன்றுக்கும் உரியவர் வேறாகலாம், காலக்கெடுவும் வேறு. சொல்லுக்கும் மெட்டுக்கும், ஆக்கியவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். பாடுகிறவரின் உரிமைக்கு 50 ஆண்டுகள். கெடு முடிந்ததும் அது பொதுச்சொத்து. பிறகு யாரும் எவரையும் கேளாமல் பாடலாம், அச்சிடலாம், புதுக்கலாம்.

பாடுகிறவருக்கு உரிமை உண்டு என்பதே நம் சட்டத்தில் மிகப் பிந்தி நுழைந்த எண்ணம். 1977-ல் திரைப்படப் பாடல்களைப் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், இசையமைத்தவரைக் காக்கும் சட்டம் அதற்கு உயிர் கொடுத்துப் பாடியவரைக் கண்டுகொள்ளவில்லையே என்று தனிக்குறிப்பு எழுதினார். அதன்பின்னும் பதினேழு ஆண்டுகள் கடந்தே, 1994-ல், பாடகருக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. பாம்பாட்டியும் கழைக்கூத்தாடியும்கூட அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். சட்டநூலில் இப்படி மனம் குளிரும் வரிகள் அபூர்வம்.

இனி அன்னமாசாரியாருக்கு வருவோம். அவர் 15-ஆம் நூற்றாண்டினர். 1503-ல் மறைந்தார் என்பர். அவர் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் நெடுங்காலம் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் அவை வெளிவந்து அச்சேறின. செப்பேடுகள் சொற்களைக் காத்தன. இராகத்தின் பெயரையும் பல பாடல்களுக்குக் காத்தன. ஆனால் பாட்டை எப்படிப் பாடினார்கள் என்பதைச் செப்பேடு எப்படிச் சொல்லும்? மெட்டுகள் பெரும்பாலும் காலத்தோடு போய்விட்டன. இன்று நாம் கேட்டு உருகும் அன்னமய்யா கீர்த்தனைகள் பலவற்றுக்கு மெட்டுக் கொடுத்தவர்கள் நம் காலத்துச் சங்கீத வித்வான்களே. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா அவர்களுள் தலையாயவர். அவர் மறைந்தது 1979-ல். நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி 2014-ல் மறைந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1979-ல் மறைந்த ஒருவர் புதிதாக ஆக்கிய மெட்டுக்கு உரிமை உண்டெனின், அது 2039-ஆம் ஆண்டின் இறுதிவரை செல்லும். சாகித்யம் ஐந்நூறு ஆண்டுப் பழமை. மெட்டோ நம் பாட்டனார் வயது.

புரந்தரதாசர் பதங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. 1846-ல் மறைந்த சுவாதித் திருநாள் மகாராஜாவின் கிருதிகள் பலவற்றையும் செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்றோர் செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுவந்தனர். செம்மங்குடியார் நம்மிடையே 2003 வரை வாழ்ந்தவர். இதற்கு மாறாக, தியாகராஜர் கிருதிகளும் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளும் சீடர் வழியாக மெட்டோடு வந்து சேர்ந்தவை. தீட்சிதர் மரபைச் சுப்பராம தீட்சிதர் 1904-லேயே ஸ்வரப்படுத்தி அச்சிட்டுவிட்டார். அவற்றைப் பாடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சீடர்கள் வழிவழியாகச் சேர்த்த சங்கதிகள் யாருடையவை என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை தேடப் புகுந்தால் எந்த நீதிமன்றமும் மலைத்து நிற்கும். நல்லவேளையாக எவரும் கேட்கவில்லை.

பழைய மெட்டில் ஓரிரு வளைவுகளைச் சேர்த்துவிட்டு, இது என் ஆக்கம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வெறும் உழைப்புப் போதாது, சிறிதளவேனும் சொந்தப் படைப்புத்திறன் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. அது சட்டத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் நூல்களைப் பற்றிய வழக்கு. எனினும் அந்த அளவுகோல் பாட்டுக்கும் பொருந்தும். ஆனால் புதுக்குவது எங்கே முடிகிறது, படைப்பது எங்கே தொடங்குகிறது என்பதைக் கோடு கிழித்துக் காட்ட இயலாது. இராகம் எல்லோருக்கும் பொது. அதில் ஒருவர் கட்டிய உருப்படி அவருடையது. இதுவரை எல்லோரும் ஒப்புவர். அதற்கு அப்பால்தான் தகராறு.

அண்மையில் துருபத மரபைச் சார்ந்த ஒரு வழக்கில் இத்தகராறு வெளிப்பட்டது. இளைய டாகர் சகோதரர்கள் என்று புகழ்பெற்ற இருவர் பாடிவந்த 'சிவ ஸ்துதி' என்னும் உருப்படியின் இசை, 2023-ல் வெளியான பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத் திரைப்படப் பாடல் ஒன்றில் எடுத்தாளப்பட்டது என்று அவர்கள் குடும்பத்து உஸ்தாத் பையாஸ் வாசிபுத்தீன் டாகர் தில்லி உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி அவர் பக்கம் இடைக்கால ஆணை பிறப்பித்து, 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டுமாறும் பணித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அவ்வாணையை நீக்கியது. காரணம் கவனிக்கத் தக்கது. அச்சகோதரர்கள் அதைப் பாடினார்கள் என்பதற்குச் சான்று உண்டு. அதை இயற்றினார்கள் என்பதற்கு முதல் நோக்கில் போதிய சான்று இல்லை என்பதே அது. பாடியவர் வேறு, ஆக்கியவர் வேறு என்று சட்டம் கொள்கிறது. மேடையில் பாடும்போதே படைக்கும் நம் மரபில் இவ்விருவரையும் பிரிப்பது, பாலிலிருந்து நீரைப் பிரிப்பது போன்றது. இயற்றியதை எழுதிவைக்கும் வழக்கமில்லாத குடும்பங்கள் இதனால் என்ன ஆகும் என்பதை எண்ணினால் எனக்குக் கவலையே மிஞ்சுகிறது.

சட்டம் வருவதற்கு முன்பே நம் பாடகர்கள் தமக்கென ஒரு முறை வைத்திருந்தார்கள். அதுதான் முத்திரை. பாட்டின் இறுதியில் தம் பெயரையோ இஷ்டதெய்வத்தின் பெயரையோ பொறித்துவிடுவார்கள். புரந்தர விட்டலன் என்று வந்தால் புரந்தரதாசர்; வேங்கடாசலபதியின் பெயர் வந்தால் அன்னமய்யா. அது 'என் பாட்டு' என்று சொல்லிற்றே தவிர, 'நீ பாடாதே' என்று சொல்லவில்லை. வடநாட்டில் இதற்கு ஒரு விசித்திரமான மறுபக்கமும் உண்டு. கபீர், மீரா, சூர்தாசர் ஆகியோரின் முத்திரையோடு பிற்காலத்தார் எழுதிய பாடல்கள் ஏராளம். பிறர் பாட்டுக்குத் தம் பெயரைப் போடுவது திருட்டு என்பது இக்காலத்து நீதி. தம் பாட்டுக்குப் பிறர் பெயரைப் போட்டு மறைந்துகொண்ட அந்த அடியார்களை எந்தப் பிரிவின் கீழ் சேர்ப்பது?

நாட்டுப்பாடல் என்ற பெயர் வரும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஆசிரியர் இல்லை என்பது வேறு, ஆசிரியரை நாம் விசாரிக்கவில்லை என்பது வேறு. 2020 மார்ச்சில் 'கேந்தா பூல்' என்ற இந்திப் பாட்டு ஒன்று வெளியாகி நாடெங்கும் பரவியது. அதன் நடுவே வரும் வங்காளி அடிகள் மரபு நாட்டுப்பாடல் என்றே கொள்ளப்பட்டன. அவற்றை எழுதியவர் ரத்தன் காஹார் என்பவர். மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தார்! 1970-களில் எழுதிய பாட்டு. 1976-ல் வேறொரு பாடகியின் குரலில் இசைத்தட்டாகி வங்காளமெங்கும் ஒலித்தது. பின்வந்த பதிப்புகள் அவர் பெயரை விட்டுவிட்டு 'மரபு' என்று போட்டன. பிறகு எடுத்தவர்கள் அதையே நம்பினார்கள். செய்தி வெளியானபின் புதுப்பாட்டின் பாடகர் பாட்ஷா 5 லட்சம் ரூபாய் அனுப்பினார். 2024-ல் ரத்தன் காஹாருக்குப் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டது. ஆனால் இடையில் கழிந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? 'மரபு' என்ற ஒரு சொல்லை இசைத்தட்டு உறையில் அச்சிடுவதற்கு ஒரு விநாடி போதும். அதை அழிக்க ஒரு மனிதரின் வாழ்நாள் தேவைப்பட்டது.

வங்காளத்தைப் பற்றிப் பேசும்போது தாகூரைக் குறிப்பிடாமல் விடலாகாது. அவர் மறைந்தது 1941-ல். அக்காலத்துச் சட்டப்படி 50 ஆண்டுகள் கழிந்து 1991-இன் இறுதியில் அவர் படைப்புகள் பொதுச்சொத்தாக வேண்டும். உரிமை பெற்றிருந்த விசுவபாரதியின் வேண்டுகோளை ஒட்டி, அந்த நேரத்தில் அரசாங்கம் காலக்கெடுவை 60 ஆண்டுகளாக உயர்த்திற்று. 1992-ல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. தாகூரை முன்னிட்டு வந்த அப்பத்து ஆண்டுகள் இந்தியாவில் எழுதும் எல்லோருக்கும் கிடைத்தன. 2001-இன் இறுதிவரை ரவீந்திர சங்கீதத்தை இசைத்தட்டில் பதிப்பிக்க விசுவபாரதியின் இசைக்குழு ஒப்புதல் தர வேண்டியிருந்தது. தேவவிரத விசுவாஸ் என்னும் பெரும் பாடகர், வாத்தியங்களை மிகுதியாகச் சேர்க்கிறார் என்பது போன்ற ஆட்சேபங்களால் மனம் நொந்து, தாகூர் பாடல்களைப் பதிவுசெய்வதையே நிறுத்திக்கொண்டார். 1980-ல் அவர் மறைந்தார். அப்படிக் காக்கப்பட்ட தாகூரின் பாடல்களுள், இன்று வங்காள தேசத்தின் தேசிய கீதமாக விளங்குவதன் மெட்டு எங்கிருந்து வந்தது? சிலாய்தஹ வட்டாரத்தில் கடிதம் சுமந்து திரிந்த ககன் ஹர்கரா என்னும் பாவுல் பாடகரின் பாட்டிலிருந்து. தாகூர் அதை மறைக்கவில்லை. ககனின் பெயரைத் தாமே உலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆயினும் காவல் ஒரு பாட்டுக்கு இருந்தது, மற்றதற்கு இல்லை.

தமிழர் இவ்விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரியைக் கண்டவர்கள். 1921-ல் மறைந்த பாரதியாரின் பாடல்களின் உரிமை பலர் கைகளில் பிரிந்து கிடந்தது. இசைத்தட்டு உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்தது. 1949-ல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமைகளை ஏற்றுப் பின்னர் மக்களுக்கே விட்டது. ஒரு கவிஞரின் உரிமையை அரசு ஏற்று எல்லோருக்கும் திறந்துவிட்ட அச்செயலைப் பிற மாநிலத்தார் இன்றும் வியப்போடு கேட்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் பாடும் 'ஹம் ஹோங்கே காமயாப்' என்ற இந்திப் பாட்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் விடுதலைப் பாட்டு ஒன்றின் மொழிபெயர்ப்பு. மூலப்பாட்டுக்கு 1960-களில் பதிப்புரிமை பதிவுசெய்யப்பட்டிருந்தது. வழக்கின் முடிவில் 2018-ல் அது பொதுச்சொத்து என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தியில் ஆக்கியவர் கிரிஜா குமார் மாத்தூர் என்பர், வானொலியில் பணிபுரிந்த கவிஞர், 1994-ல் மறைந்தார். மொழிபெயர்ப்பு தனிப் படைப்பாதலின், மூலம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட பின்னும் இந்திச் சொற்களின் உரிமை 2054-இன் இறுதிவரை நிற்கும். மொழிபெயர்ப்பாளனை எவரும் நினைப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் எங்கள் கூட்டத்துக்குச் சட்டமாவது நினைத்ததே என்று ஆறுதல்.

இவ்வளவும் கேட்டபின், ஊர்ப் பஜனை மடத்திலும் கல்யாண வீட்டிலும் பாடுவதற்கே அஞ்ச வேண்டுமோ என்று நேயர்கள் ஐயுற வேண்டாம். சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு வழி விட்டிருக்கிறது. தொழில்முறையல்லாத மன்றத்தார் கட்டணம் வாங்காத அவையோர் முன்னிலையிலோ, சமய நிறுவனம் ஒன்றன் நன்மைக்காகவோ பாடலாம். நேற்று எழுதிய பாட்டாயினும் தடையில்லை. மெய்யான சமயச் சடங்குகளிலும் அரசாங்க விழாக்களிலும் பாடலாம். திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சார்ந்த கொண்டாட்டங்களும் சமயச் சடங்கிலேயே அடங்கும் என்று சட்டம் விளக்கியும் கூறுகிறது. கொலுவுக்கு முன் அமர்ந்து அந்த மாதர் பாடியது முற்றிலும் நேர்மையான செயல். ஆனால் அதைப் படம்பிடித்து உலகுக்கெல்லாம் ஒலிக்கச் செய்வது கொலு மண்டபத்தைத் தாண்டிய காரியம். அதற்கு இவ்விலக்குப் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை.

ஆக, அறிவிப்பு வந்தவர் முதலில் பார்க்க வேண்டியது, எதன்மேல் உரிமை கோருகிறார்கள் என்பதைத்தான். ஒலிப்பதிவின்மேல் என்றால், தாமே வாயால் பாடியவர் அஞ்ச வேண்டியதில்லை; பிறரது பதிவை எடுத்து ஒலிக்கவிட்டால்தான் அக்கேள்வி எழும். பழைய இசைத்தட்டையே ஒலிக்கச் செய்ய விரும்புவோர் அது வெளியான ஆண்டைப் பார்த்துக்கொள்ளட்டும். 1960-ல் வெளியான தட்டு 2021 தொடங்கியதும் பொதுவாகிவிட்டது. சொற்களின்மேல் என்றால், இயற்றியவர் மறைந்த ஆண்டைச் சொன்னால் போதும். பாபநாசம் சிவன் பாடலைத் தியாகராஜர் பாடலைப் போல எண்ணிவிடக் கூடாது; சிவன் மறைந்தது 1973-ல், ஆகவே 2033-இன் இறுதிவரை காத்திருக்க வேண்டும். மெட்டின்மேல் என்றால், அந்த மெட்டை அமைத்தவர் யார் என்று தேட வேண்டும். உரிமையாளர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாத படைப்புக்கு உரிமம் கோருவதற்கும் சட்டத்தில் 31அ பிரிவு வழி காட்டுகிறது. ஆனால் அறுவர் பாடிய ஒரு பாட்டுக்காக எவர் அவ்வளவு தூரம் நடப்பார்?

எங்கள் குடியிருப்பு மாதரிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பாட்டை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். மூத்த அம்மையார் சிறிது நேரம் யோசித்து, சிறுவயதில் வானொலியில் கேட்டுக் கற்றதாகக் கூறினார். மெட்டு அமைத்தவர் பெயரைத் தேடினோம். பழைய ஸ்வரப் புத்தகம் ஒன்றில் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டு வித்வான் ஒருவர். "இத்தனை வருஷமும் அன்னமய்யாவே இப்படித்தான் பாடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே" என்றார் அம்மையார். ஒலிப்பதிவு தங்களுடையது என்று அந்நிறுவனம் கோரியதற்கு மறுப்பு எழுதினோம். அந்தப் பகுதியை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். மெட்டைப் பற்றிய கோரிக்கையை நாங்கள் எதிர்க்கவில்லை. பாட்டின் கீழே அன்னமாசாரியாரின் பெயருக்குப் பக்கத்தில் அந்த வித்வானின் பெயரையும் எழுதச் சொன்னார் அம்மையார். இணையத்தில் அது இன்னும் இருக்கிறது. அதிலிருந்து வரும் வருவாய் ஏதேனும் இருந்தால் கோரியவர்க்கே போகும். நான் கடைசியாகப் பார்த்தபோது முந்நூற்றுச் சொச்சம் பேர் கேட்டிருந்தார்கள்.